எவர்சில்வர் சாட்சி

எனக்குப் பழிவாங்கும் குணம் உண்டு. இதை மறைத்து என்ன ஆகப்போகிறது? பேருந்தில் காலை மிதித்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போனவனின் பிடரியைக்கூடப் பத்து வருடம் கழித்து அடையாளம் சொல்லுவேன். என் அண்ணிக்கு அந்தக் குணம் கிடையாது என்று நெடுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். சண்டையில் நான் பத்து வார்த்தை பேசினால் அவள் அரை வார்த்தை பேசுவாள், அதையும் பாத்திரம் கழுவிக்கொண்டே பேசுவாள். அவளைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

நானும் அண்ணியும் ஒரே ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்க்கிறோம். நான் அலுவலகத்தில் தட்டச்சு. அவள் அடித்தளத்தில் இருக்கும் ஆய்வுக்கூடத்தில் டெக்னீஷியன். மதியச் சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து பழக்கமானவளை என் அண்ணனுக்குக் காட்டிக்கொடுத்தவளே நான்தான். அதற்குப் பிறகு நான் நாத்தனார் ஆகிவிட்டேன். நாத்தனாருக்கு உரிய வேலைகளையும் முதல் இரண்டு வருடம் ஒழுங்காகச் செய்தேன்.

அண்ணியின் வேலை குளிர வைப்பது. வீட்டு ஃப்ரிட்ஜ் பழுதானால் அவளுக்கு ஒன்றும் தெரியாது, மெக்கானிக்கைத்தான் கூப்பிடுவாள். ஆய்வுக்கூடத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு வெள்ளை உருளை நிற்கிறது. அதற்குள் அடுக்குப் பாத்திரம் மாதிரி ஒன்றுக்குள் ஒன்றாக உறைகள். உள்ளே போகப் போகக் குளிர் கூடும். இதற்குக் கீழே குளிரே கிடையாது என்று உலகத்துக்கு ஒரு அடிமட்டம் இருக்கிறதாம். கடைசி உறைக்குள் இருக்கும் பெட்டியை அந்த அடிமட்டத்துக்குப் பத்தில் ஒரு பாகை மேலே கொண்டுவந்து நிறுத்துவாள். பம்ப் இரண்டு நாள் இரவு பகலாகத் துடித்தால்தான் அது நடக்கும். கூடத்தில் அவளுக்குக் குளிரம்மா என்று பெயர்.

அந்தப் பெட்டிக்குள் அரிசியில் பாதி அளவுக்குச் சின்னச் சின்ன உணரிகள். எக்ஸ்ரே கதிர் ஒன்று வந்து விழுந்தால் உணரி ஒரு துளி சூடாகும், பாகையில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இருக்காது. எவ்வளவு சூடானது என்று அளந்தால் வந்த கதிருக்கு எவ்வளவு வலு என்று தெரிந்துவிடும். ஒவ்வொரு உலோகத்துக்கும் அதற்கே உரிய கதிர் உண்டு என்பதால், எந்த உலோகத்திலிருந்து வந்தது என்பதும் தெரிந்துவிடும். திரையில் ஒவ்வொன்றும் ஒரு முகடாக எழும்பி நிற்கும். உணரி நல்ல நிலையில் இருந்தால் முகடுகள் ஊசியாக இருக்கும். கெட்டுப்போனால் பருத்து மழுங்கிவிடும். இத்தனையும் அண்ணி எனக்குச் சமையலறையில் சொன்னது. தப்பு இருந்தால் என் தப்பு.

இந்த உணரிகளுக்குக் காந்தம் என்றால் ஆகாது. துளிக் காந்தம் பக்கத்தில் இருந்தாலும் புத்தி மாறிவிடும். அதனால் அண்ணியின் மேசை விளக்கில் நூலில் கட்டிய ஒரு காந்தம் தொங்கும். பெட்டிக்குள் போகிற ஸ்க்ரூ, வாஷர், கிளிப் எல்லாம் அந்தக் காந்தத்தின் முன்னால் ஒருமுறை நிற்க வேண்டும். காந்தம் இம்மி அசைந்தாலும் அந்தப் பொருள் வெளியே. பெட்டிக்குள் செம்பு ஸ்க்ரூ மட்டும்தான் போடுவாள். ஒருநாள் வீட்டில் கரண்டியை வைத்து எனக்குப் பாடம் நடத்தினாள். எவர்சில்வர் காந்தத்தில் ஒட்டாது என்று படித்தவர்களே சொல்லுவார்களாம். தட்டையான இடத்தில் ஒட்டாது, வளைத்து அடித்த இடத்தில் லேசாக ஒட்டும். ஸ்க்ரூ முழுக்கவே அடித்து உருட்டிச் செய்ததுதானே என்றாள்.

கூடத்தின் தலைவருக்குத் தட்டச்சு அறையில் 'திருத்தம்' என்று பெயர் வைத்திருந்தோம். இரண்டு வரிக் கடிதத்தை ஏழு முறை திருத்தி, எட்டாவது முறை முதலில் எழுதியதையே அடிக்கச் சொல்வார். கெட்டிக்காரர், அதை நான் மறுக்கவில்லை. இந்த உணரிகளை வைத்துத்தான் பேர் வாங்கினார். கம்பி ஒட்டியது, குளிர வைத்தது, மூடியது எல்லாம் அண்ணி. மேடையில் நின்றது அவர். அதில்கூட அண்ணிக்கு வருத்தம் இருந்ததில்லை.

ஏழு வருடங்களுக்கு முன்னால் என் அண்ணனுக்கு இதயத்தில் அறுவை சிகிச்சை நடந்தது. அது ஒரு புதன்கிழமை. திங்கட்கிழமை அண்ணி புது உணரிகளைப் பெட்டியில் பொருத்தி மூடினாள். குளிரூட்டுவதைத் தான் வந்த பிறகு தொடங்கலாம் என்று பதிவேட்டில் எழுதிவிட்டு விடுப்பில் போனாள். தலைவருக்குப் பொறுக்கவில்லை, ஏதோ கட்டுரைக்குக் கெடு நெருங்கியிருந்தது. அவரே பம்பை ஓடவிட்டார். வெள்ளிக்கிழமை பார்த்தால் உணரிகள் ஒன்றுகூட உருப்படியாக இல்லை, முகடுகள் எல்லாம் மழுங்கிக் கிடந்தன. அண்ணி ஒட்டிய கம்பிகள் சரியாக ஒட்டவில்லை என்று கூடத்தில் எல்லாரிடமும் சொல்லிவிட்டார். பெட்டியைக் கடைசியாகத் தொட்டது அவள்தான் என்று பதிவேடும் சொன்னது.

மறு வாரம் என்னைக் கூப்பிட்டு ஒரு கடிதம் சொன்னார். கவனக்குறைவால் விலைமதிப்பற்ற கருவியைப் பாழாக்கியதற்காக அண்ணியைக் கூடத்திலிருந்து பொருள் கிடங்குக்கு மாற்றுவதாக இருந்தது அந்தக் கடிதம். அடித்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். அதில் அவர் செய்தது ஒரே ஒரு திருத்தம். 'கவனக்குறைவால்' என்பதற்கு முன்னால் 'கணவரின் உடல்நிலை குறித்த கவலையால் ஏற்பட்ட' என்று பச்சை மையில் சேர்த்தார். நான் அதையும் அடித்தேன். முடியாது என்று சொல்லியிருக்கலாம். அண்ணன் ஆஸ்பத்திரியில் கிடக்க, அண்ணிக்கு வேலை ஆட்டம் காண, எனக்கும் வேலை போய்விட்டால் என்ன செய்வது என்று பயந்தேன். பயந்தேன் என்பதுதான் உண்மை, மற்றதெல்லாம் சாக்கு.

அண்ணி கடிதத்தை வீட்டில் காட்டவில்லை, கிடங்குக்கு மாறியதையும் சொல்லவில்லை. அண்ணன் மருந்துச் சீட்டைத் தேடி அவள் பையைத் துழாவியபோது கடிதம் கையில் கிடைத்துவிட்டது. அன்றிலிருந்து அவன் வாயில் ஒரே வார்த்தைதான்.

"என்னாலதான்," என்பான்.

சும்மா உட்கார்ந்திருக்கும்போது, பல் தேய்க்கும்போது, தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருக்கும்போது திடீரென்று சொல்லுவான். அண்ணி இல்லை என்பாள். நானும் இல்லை என்பேன். ஆனால் அந்தக் கடிதத்தை அடித்தவள் நான் என்று அவனிடம் கடைசிவரை சொல்லவில்லை. தன்னால் அவளுக்கு இனி ஒரு கெட்ட பேர் வரக்கூடாது என்று தீர்மானித்துவிட்டான். நெஞ்சு வலித்தால் சொல்லமாட்டான். வேலை நேரத்தில் போன் செய்யவே மாட்டான். பதினாலு மாதம் கழித்து ஒரு வேலைநாள் மத்தியானத்தில் வலி வந்திருக்கிறது. கைக்கு எட்டும் தூரத்தில் போன் இருந்தது. அவன் எடுக்கவில்லை. சாயங்காலம் நாங்கள் போய்க் கதவைத் திறந்தபோது நாற்காலியில் இருந்தான், உடம்பு சில்லிட்டுப் போயிருந்தது.

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். இதில் எது எங்கே என்று எனக்கு அப்போது தெரியாது. கோபத்தை யார்மேல் வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நாள் அண்ணிமேலேயே வைத்தேன். அவளோ தன்மேல் வைத்தாள். அந்தத் திங்கட்கிழமை நிஜமாகவே கை நடுங்கியதோ என்று கிடங்கில் ஸ்க்ரூ பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டே ஐந்தாறு வருடம் போக்கினாள். ஒரு தடவை என்னிடம் கையை நீட்டி நடுங்குகிறதா பார் என்று கேட்டாள். நான் பார்க்காமலே இல்லை என்றேன்.

கூடத்தில் அவளுக்குப் பதிலாக வந்த ஆட்கள் ஒருவரும் நிலைக்கவில்லை. ஒருவர் கம்பியை அறுத்தார், ஒருவர் கசிவைக் கண்டுபிடிக்க முடியாமல் ஓடிவிட்டார். போன வருடம் பெரிய திட்டம் ஒன்று வந்தது. ஆயிரக்கணக்கான உணரிகளை வைத்து நுண்துகள் ஒன்றின் எடையை அளக்கும் திட்டம், தனிக் கட்டடம், அதற்குத் தலைவர் பதவி. வெளியிலிருந்து ஐந்து பேர் குழுவாக வந்து கருவி ஓடுவதைப் பார்த்து முடிவு சொல்வார்கள். கருவியோ ஓடவில்லை. திருத்தம் என்னைக் கூப்பிட்டு, பழசையெல்லாம் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம், உங்கள் அண்ணியைத் திரும்ப வரச் சொல்லுங்கள் என்றார். குத்தினவனுக்கு மறந்துவிடும்.

அண்ணி மறுபேச்சு இல்லாமல் சம்மதித்தாள். அன்றைக்கு வீட்டில் நான் ஆடிய ஆட்டம் கொஞ்சநஞ்சமல்ல. வெட்கமில்லையா என்று கேட்டேன், அண்ணனைக் கொன்றவன் காலில் போய் விழுகிறாயே என்று மரியாதையையும் விட்டுப் பேசினேன். அவள் துணிகளை மடித்து முடித்துவிட்டுப் படுக்கப் போய்விட்டாள்.

மூன்றாவது வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு அதன்மேல் ஒரு தாளை விரித்தாள். அந்தக் கூடத்தில் ஒரு வழக்கம். கெட்டுப்போன அளவீடுகளை அழிக்கமாட்டார்கள், கணினியில் 'குப்பை' என்று பெயரிட்ட ஓரிடத்தில் தள்ளிவிடுவார்கள். குப்பையை யாரும் கிளறுவதில்லை. அண்ணி போன வேகத்தில் அதைத்தான் கிளறியிருக்கிறாள். தாளில் இருந்தது ஏழு வருடத்துக்கு முந்தைய அந்த வெள்ளிக்கிழமை அளவீடு. வழக்கமாக இருக்க வேண்டிய முகடுகளுக்கு இடையில் இருக்கவே கூடாத மூன்று மழுங்கல் முகடுகள். நடுவில் உயரமாக ஒன்று, இடப்பக்கம் குட்டையாக ஒன்று, வலப்பக்கம் அதைவிடக் குட்டையாக ஒன்று.

இரும்பு, குரோமியம், நிக்கல் என்று விரலை வைத்துக் காட்டினாள். அவள் மூடிய பெட்டிக்குள் தங்கம் உண்டு, செம்பு உண்டு, இந்த மூன்றும் கிடையாது. மூன்றும் இந்தக் கணக்கில் சேர்ந்தால் அதற்குப் பேர் எவர்சில்வர். அவள் போன பிறகு யாரோ பெட்டியைத் திறந்து எவர்சில்வர் ஸ்க்ரூவைப் போட்டிருக்கிறார்கள். ஸ்க்ரூவில் இருந்த துளிக் காந்தம் உணரிகளைக் கெடுத்தது. அதே ஸ்க்ரூவின் தலையில் எக்ஸ்ரே பட்டு, அந்த உணரிகளிலேயே தன் பேரையும் எழுதிவிட்டுப் போயிருக்கிறது. பெட்டிக்கு இரண்டு சாவி. ஒன்று ஆஸ்பத்திரியில் அண்ணியின் பையில் இருந்தது. மற்றது தலைவருடையது.

எனக்குத்தான் அழுகை வந்தது, அவள் அழவில்லை.

"என் கை நடுங்கல," என்றாள். பிறகு தாளை மடித்துக்கொண்டே, "அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. வேற யாரும் பாக்குறதுக்குள்ள ஸ்க்ரூவைக் கழட்டிட்டுத்தான் என் பேரைச் சொல்லியிருக்கான்," என்றாள். அவரை அவன் என்று அவள் சொல்லி அன்றுதான் கேட்டேன்.

அந்தத் தாளை அப்போதே நிலையத்தின் இயக்குநரிடம் கொண்டுபோக நான் செருப்பை மாட்டிவிட்டேன். அண்ணி தடுத்தாள். குப்பையிலிருந்து எடுத்தது என்பார், ஏழு வருடத்துப் பழசு என்பார், இப்படி மழுங்கிக் கிடப்பதை வைத்து எதையும் சொல்ல முடியாது என்பார். அவர் சொன்னால் எல்லாரும் கேட்பார்கள். அதனால் அது என்னவென்று அவர் வாயால்தான் வர வேண்டும், கூட்டத்தில் வர வேண்டும், எழுத்தில் ஏற வேண்டும் என்றாள். பிறகு என்னைப் பார்த்து, குழு வரும் அன்று கூட்டக்குறிப்பு எழுதப் போவது யார் என்று கேட்டாள். நான் செருப்பைக் கழற்றினேன். என் பழிவாங்கும் குணம் அவளுடையதற்கு முன்னால் எல்.கே.ஜி. என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

கருவியை அவள் அத்தனை நேர்த்தியாகத் தயார் செய்தாள். அதில் ஒரு குறை வைக்க அவளுக்கு மனம் வரவில்லை, பழி வேறு வேலை வேறு என்றாள். உணரிகள் சரியாக அளக்கின்றனவா என்று காட்ட, உருளைக்கு வெளியே, கதிர் உள்ளே போக அதில் விட்டிருக்கும் சிறு ஜன்னலுக்கு எதிரில், தெரிந்த உலோகம் ஒன்றை வைத்து எக்ஸ்ரே அடிப்பது முறை. வழக்கமாகத் தனித்தனித் தகடுகள் வைப்பார்கள். ஒரு எவர்சில்வர் ஸ்க்ரூ வைத்தால் ஒரே தடவையில் மூன்று முகடு தெரியும், வருகிறவர்களுக்கும் பார்க்க நன்றாக இருக்கும் என்று அவரிடம் போய்ச் சொன்னாள். அவருக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. அடுத்த நாளே அது தன் யோசனை என்று மற்றவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

குழு வந்தது. தலைவி நரைத்த தலையும் தடித்த கண்ணாடியுமாக இருந்த ஒரு அம்மாள், அதிகம் பேசாதவர். கூடத்தில் பத்துப் பதினைந்து பேர் நின்றோம். நான் ஓரமாக உட்கார்ந்து எழுதினேன். திரையில் மூன்று முகடுகள் ஊசி ஊசியாக எழும்பின. திருத்தம் முகத்தில் அப்படி ஒரு பெருமை. கம்பு ஒன்றை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் காட்டி விளக்கினார். குழுவினர் தலையாட்டினார்கள். அப்போது பம்ப் பக்கத்தில் நின்ற அண்ணி கேட்டாள்.

"சார், இதை வேற எதோடயாவது குழப்பிக்க வாய்ப்பு இருக்கா?"

வந்தவர்களுக்காக அவள் எடுத்துக்கொடுத்த கேள்வி என்று நினைத்துவிட்டார். நுணலும் தன் வாயால் கெடும்.

"வாய்ப்பே இல்லம்மா. இது கைரேகை மாதிரி. இந்த மூணும் இந்த உயரத்துல சேர்ந்து நின்னா அது எவர்சில்வர்தான். டிடெக்டர் கெட்டுப்போய் மழுங்கலா வந்திருந்தாக்கூட நான் கண்ணை மூடிட்டுச் சொல்லிடுவேன்."

ஒரு எழுத்து விடாமல் எழுதிக்கொண்டேன். அண்ணி கணினி அருகே போய் ஒரு பொத்தானை அழுத்தினாள். அந்த மூன்று ஊசிகளின்மேல் பழைய மூன்று மழுங்கல் முகடுகள் சிவப்பில் வந்து உட்கார்ந்தன. உச்சிக்கு நேர் உச்சி, ஒரு மயிரிழை விலகவில்லை. நான் திரையைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைத்தான் பார்த்தேன். ஏழு வருடமாக அதைப் பார்க்கக் காத்திருந்தவள் நான். உதடு வெளுத்து, கையிலிருந்த கம்பு தாழ்ந்தது. எனக்கு அது போதவில்லை.

இது எப்போது எடுத்தது என்று குழுத் தலைவி கேட்டார். அண்ணி தேதி சொன்னாள். திங்கட்கிழமை தான் மூடியதையும், செவ்வாய் முதல் ஆஸ்பத்திரியில் இருந்ததையும், சாவிகள் இரண்டு என்பதையும் சொன்னாள். குரல் உயரவில்லை. திருத்தம் ஏதோ சொல்ல வந்தார், பழைய அளவீடு, கெட்டுப்போனது, இதை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்று தொடங்கினார். குழுத் தலைவி என் பக்கம் திரும்பி, சற்றுமுன் அவர் சொன்னதைப் படியுங்கள் என்றார். படித்தேன். ஒரு தடவைதான் படிக்கச் சொன்னார்கள், நான் இரண்டு தடவை படித்தேன்.

திட்டம் அவருக்குக் கிடைக்கவில்லை. விசாரணை என்று அறிவித்தார்கள். சாப்பாட்டு மேசையில் அவர் வந்து உட்கார்ந்தால் மற்றவர்கள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார்கள். நான் மட்டும் எழுந்திருக்கவில்லை. எதிரிலேயே உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டேன்.

பத்து நாள் கழித்து அவர் கூடத்துக்கு வந்தார். நான் அண்ணிக்குச் சாப்பாடு கொண்டுபோயிருந்தேன். அவர் கையில் ஒரு தாள். தானே தட்டச்சு செய்திருக்கிறார், வரிக்கு இரண்டு பிழை. பழைய கடிதத்தை ரத்து செய்வதாகவும் தவறு தன்னுடையது என்றும் எழுதியிருந்தது. அதற்குக் கீழே, எனக்கு இனி இவர்மீது எந்தக் குறையும் இல்லை என்று ஒரு வரி, அண்ணி கையெழுத்துப் போட ஒரு கோடு. அது கிடைத்தால் விசாரணை அத்தோடு முடிந்துவிடும், ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம்தான் இருக்கிறது என்றார். நின்றுகொண்டேதான் பேசினார், நாங்கள் உட்காரச் சொல்லவில்லை. கம்பிகளை ஒருமுறை பார்த்துவிடலாம் என்று பெட்டியைத் திறந்தாராம், திரும்ப மூடும்போது செம்பு ஸ்க்ரூவின் மரை தேய்ந்திருந்ததாம், அவசரத்தில் கைக்குக் கிடைத்ததைப் போட்டாராம், எவர்சில்வரில் காந்தம் ஒட்டாது என்று நினைத்தாராம்.

"சரி. அதுல என் வீட்டுக்காரரை எதுக்கு இழுத்தீங்க?" என்று அண்ணி கேட்டாள்.

அவர் நிஜமாகவே யோசித்தார். "ஏதாவது ஒரு காரணம் எழுதணும்ல. வெறும் கவனக்குறைவுன்னா உங்களுக்குக் கெட்ட பேரு. வீட்டுக் கஷ்டம்னு போட்டா படிக்கிறவங்க பாவம்னு நினைப்பாங்க. உங்க நல்லதுக்குத்தான் சேர்த்தேன்."

நான் எழுந்துவிட்டேன். கையில் சாப்பாட்டுப் பாத்திரம் இருந்தது, அதை என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. அண்ணி என் மணிக்கட்டைப் பிடித்து உட்கார வைத்தாள். அவர் நீட்டிய பேனாவை வாங்கினாள். கையெழுத்துப் போடத்தான் போகிறாள் என்று நினைத்தேன், அவரும் நினைத்தார். கோட்டுக்கு மேலே கொஞ்சம் இடம் விட்டு, கையால் நேராக இன்னொரு கோடு போட்டாள். பேனாவை மூடி, தாளோடு சேர்த்து அவரிடமே நீட்டினாள்.

"மேல இருக்கிற கோடு என் வீட்டுக்காரருக்கு. அவர்கிட்ட போய் விஷயத்தைச் சொல்லி, கையெழுத்து வாங்கிட்டு வாங்க. அதுக்குக் கீழ நான் போடுறேன்."